ஆறு அணிகள் அனுப்பிவிட்ட ரஹீம் மோஸ்டர்ட்: நடுவில் இருந்த அந்த மூன்று வருடங்களைப் பற்றி

ஐம்பத்துமூன்று | பிப்ரவரி 2025

மயாமி டால்ஃபின்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி தன் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுகிறவர்) ரஹீம் மோஸ்டர்ட்டை விடுவித்துவிட்டது. வயது 32. கடந்த சீசனில் 85 முறை பந்தை ஏந்தி 278 யார்டு. பின்னால் இளம் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். எதிர்பார்த்ததுதான் என்று எல்லாரும் இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அப்படி முடிக்க மனசு வரவில்லை.

இதே மனிதர் 2023 சீசனில் 18 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் போவது) ஓடினார், கேட்ச் பிடித்து இன்னும் 3. மொத்தம் 21. ஓடி எடுத்த டச்டவுனில் அந்த வருடம் லீகிலேயே முதல் ஆள். முதல்முறையாக ஒரு சீசனில் 1,000 யார்டைத் தாண்டியதும் அப்போதுதான், 31 வயதில். ரன்னிங் பேக்குகளை 28 வயதிலேயே கிழவராகப் பார்க்கிற லீக் இது.

அவருடைய கதை வெளியே சொல்லப்படும் விதம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. "ஆறு அணிகள் வேண்டாம் என்றன, ஒரே இரவில் 220 யார்டு ஓடினார்" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் ஆறாவது அணி அனுப்பியது 2016 நவம்பர். 220 யார்டு 2020 ஜனவரி. நடுவில் மூன்று வருடத்துக்கும் மேல் இருக்கிறது. அந்த மூன்று வருடம் அவர் லீகில் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதுதான் அணி அணியாக அலைகிற ஒரு ஜர்னிமேன் ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முக்கியமான இடம். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

புதுக்கண் | பிப்ரவரி 2025

வணக்கம். நான் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்து ஒன்றரை சீசன்தான் ஆகிறது. அடிப்படைக் கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒன்றரை வருடத்தில் ஆறு அணிகளில் எப்படி இருக்க முடியும்? ஒப்பந்தம் என்று ஒன்று கிடையாதா? பிராக்டிஸ் ஸ்குவாட், வேவர் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை என்ன?

ஐம்பத்துமூன்று

நல்ல கேள்வி. இது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

கோடையில் ஒவ்வொரு அணியிலும் 90 பேர் இருப்பார்கள். சீசன் தொடங்கும்போது 53 பேருக்குத்தான் இடம். (என் பயனர் பெயர் அங்கிருந்து வந்தது.) 32 அணிகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வேலை இழக்கிறார்கள். அணி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, "கோச் கூப்பிடுகிறார், பிளேபுக்கை எடுத்துக்கொண்டு வா" என்பார். அந்த வேலையைச் செய்கிறவரை ஆட்டக்காரர்கள் 'டர்க்' என்று சொல்வார்கள். பிளேபுக் என்பது அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய புத்தகம், அதைக் கேட்டால் முடிந்தது என்று அர்த்தம்.

ஒப்பந்தம் இருக்கும், ஆனால் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) யாரும் எடுக்காத புதுப்பையனின் ஒப்பந்தத்தில் உறுதிப்பணம் என்பது பெயரளவுக்குத்தான். அணி விடுவித்த நொடியில் மீதிச் சம்பளமும் போய்விடும்.

லீகில் நான்கு சீசன் முடிக்காத ஒருவரை விடுவித்தால் அவர் வேவருக்குப் போவார். அவரைக் கேட்டு எடுத்துக்கொள்ள மற்ற அணிகளுக்கு 24 மணி நேரம் அவகாசம். தரவரிசையில் கீழே இருக்கும் அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்கவில்லை என்றால் எந்த அணியோடும் சேரலாம், பழைய அணியின் பிராக்டிஸ் ஸ்குவாடிலும் சேரலாம். பிராக்டிஸ் ஸ்குவாட் என்றால் வாரம் முழுக்கப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. எதிரணி எப்படி ஆடுமோ அப்படி ஆடிக்காட்டித் தன் அணியைத் தயார் செய்வது அவர்கள் வேலை. அப்போது ஒரு அணிக்கு 10 பேர், இப்போது 16.

பணக் கணக்கையும் பாருங்கள். 2015-ல் பிராக்டிஸ் ஸ்குவாட் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 6,600 டாலர். 53-க்குள் இருக்கும் புதியவருக்கு வருடத்துக்கு 4,35,000 டாலர், அதாவது சீசனின் 17 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் சுமார் 25,600. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் சம்பளம் நான்கு மடங்கு மாறுகிறது.

மோஸ்டர்ட் வந்த வழி இதுதான். 2015-ல் டிராஃப்டில் எவரும் எடுக்கவில்லை. பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் சேர்த்துக்கொண்டது, முன்சீசன் ஆட்டங்களில் பிரமாதமாக ஆடினார், அப்படியும் 53-ல் இடம் இல்லை. அவர்களின் பிராக்டிஸ் ஸ்குவாடுக்குப் போனார். இன்னொரு அணியின் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருப்பவரைத் தன் 53-க்குள் எடுத்துக்கொள்ள எந்த அணிக்கும் உரிமை உண்டு. அப்படி டால்ஃபின்ஸ் எடுத்தது, சில வாரத்தில் விட்டது. வேவரில் பால்டிமோர் ரேவன்ஸ். டிசம்பரில் அவர்களும் விட, கிளீவ்லாந்து பிரவுன்ஸ். அடுத்த செப்டம்பரில் பிரவுன்ஸும் விட, நியூயார்க் ஜெட்ஸ் பிராக்டிஸ் ஸ்குவாட். பிறகு சிகாகோ பேர்ஸ். 2016 நவம்பர் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ், அதுவும் பிராக்டிஸ் ஸ்குவாடில்தான்.

ஒவ்வொரு அணியிலும் பிளேபுக் வேறு. ஒரே ஓட்டத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெயர். வீடு பிடிக்கவே நேரம் இருந்திருக்காது.

பாய்லர்மேக்கர்_மாலதி | பிப்ரவரி 2025

நான் மோஸ்டர்ட் படித்த பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்தவள். அவர் அங்கே ஆடிய காலத்தில் வெஸ்ட் லஃபயெட்டில் இருந்தேன், அதனால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அங்கே நாங்கள் அவரை ரன்னிங் பேக்காகவே நினைத்ததில்லை. எதிரணி உதைத்துத் தொடங்கும் கிக்-ஆஃப் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுகிறவர், அவ்வளவுதான். 2011-ல் முதலாண்டு மாணவராக இருக்கும்போதே ஒரு திருப்பத்துக்கு சராசரி 33 யார்டுக்கு மேல் எடுத்து நாட்டிலேயே முதலிடம். அப்புறம் தடகளம். பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் போட்டிகளில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வென்றார். சொந்த ஊர் ஃபுளோரிடாவின் நியூ ஸ்மிர்னா பீச். கடலலையில் பலகை விட்டு வளர்ந்த பையன்.

அந்த ஆண்டுகளில் எங்கள் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. கல்லூரியில் முழு நேர ரன்னிங் பேக்காக அவர் ஆடியது மிகக் குறைவு. டிராஃப்டில் யாரும் எடுக்காததைப் பெரிய அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆதாரம் இல்லாத ஆளாகத்தான் போனார். வேகம் இருந்தது. அந்த வேகத்தை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

நெடுங்கோடு | பிப்ரவரி 2025

மாலதி சொன்ன கடைசி வரியில் இருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. வைக்க வேண்டிய இடத்தில் வைத்ததால்தான் மோஸ்டர்ட் மோஸ்டர்ட் ஆனார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இது ஆட்டமுறையின் வெற்றி.

கோச் மைக் ஷானஹன், அவர் மகன் கைல் என்ற ஷானஹன் குடும்பத்தின் அவுட்சைட் ஸோன் ஓட்டத்தைப் பாருங்கள். லைன்காரர்கள் ஐவரும் ஒரே பக்கமாக நகர்வார்கள், தடுப்பாளர்களும் கூடவே ஓட வேண்டியிருக்கும், எங்கோ ஒரு விரிசல் விழும். ரன்னிங் பேக் ஒரே ஒரு முறை காலை ஊன்றித் திரும்பி அதில் நுழைய வேண்டும். மைக் ஷானஹன் டென்வரில் இதை வைத்து என்ன செய்தார்? டெரல் டேவிஸ் ஆறாவது சுற்றில் வந்தவர், 1998-ல் 2,008 யார்டு. அவருக்கு அடிபட்டதும் 1999-ல் ஒலண்டிஸ் கேரி, 1,159. அடுத்த வருடம் மைக் ஆண்டர்சன், 1,487. அவரும் ஆறாவது சுற்று. ஆள் மாறினார், எண் மாறவில்லை.

ஜஸ்டின் ஃபோர்செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 5 அடி 8 அங்குலம், 2008-ல் ஏழாவது சுற்று. சியாட்டில், இண்டியானாபொலிஸ், மறுபடி சியாட்டில், ஹூஸ்டன், ஜாக்சன்வில் என்று சுற்றிவிட்டு 2014-ல் பால்டிமோர் வந்தார். 29 வயதில் 1,266 யார்டு, புரோ பௌல் நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வு. அந்த வருடம் பால்டிமோரின் தாக்குதல் பயிற்சியாளர் கேரி கூபியாக், டென்வரில் மைக் ஷானஹனிடம் வேலை பார்த்தவர். சி.ஜே. ஆண்டர்சன்? 2018-ல் கரோலினா விட்டது, ரைடர்ஸ் எடுத்து உடனே விட்டது, டிசம்பரில் ராம்ஸ் வீட்டில் சும்மா இருந்தவரைக் கூப்பிட்டது. வந்த முதல் ஆட்டத்தில் 167 யார்டு, அடுத்ததில் 132, பிளே-ஆஃபில் (சீசன் முடிந்தபின் வரும் நாக்-அவுட் சுற்றில்) டாலஸுக்கு எதிராக 123. ராம்ஸ் கோச் ஷான் மெக்வேயும் ஷானஹன்களிடம் வேலை கற்றவர்தான்.

மோஸ்டர்ட் சான் ஃபிரான்சிஸ்கோவில் கைல் ஷானஹனிடம் ஓடினார். பிறகு மயாமியில் மைக் மெக்டேனியல், அவரும் ஷானஹனிடம் ஓட்டத்தைக் கவனித்தவர். வேறு எங்கேயாவது மோஸ்டர்ட் ஓடியிருக்கிறாரா?

கடைசிவரிசை | பிப்ரவரி 2025

நெடுங்கோடு சொல்வதை மறுக்க என்னிடம் எண்கள் இல்லை. ஆனால் 2020 ஜனவரி 19 அன்று நான் லீவைஸ் மைதானத்தில் மேலே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்.எஃப்.சி. பிரிவின் இறுதி (வென்றால் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல்), எதிரணி கிரீன் பே பேக்கர்ஸ். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் கால்பகுதி. மூன்றாவது முயற்சி, தேவை 8 யார்டு. இந்த நிலையில் எல்லா அணியும் பந்தை எறியும். பேக்கர்ஸ் தடுப்பாளர்களும் 49அர்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) கரோப்பலோவை அடிக்கத்தான் விரைந்தார்கள். அவரோ பந்தை மோஸ்டர்ட் கையில் வைத்தார். விரைந்து வந்தவர்கள் விட்ட இடைவெளி நடுவில் அப்படியே திறந்து கிடந்தது. 36 யார்டு. எண்ட் ஸோன் வரை அவரை யாரும் சரியாகத் தொடக்கூட இல்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து நின்றவர் ஆட்டம் முடியும்வரை உட்காரவே இல்லை.

அணியின் இன்னொரு ரன்னிங் பேக் டெவின் கோல்மன்தான் அதற்கு முந்தைய வாரம் மின்னசோட்டாவுக்கு எதிராக 105 யார்டு ஓடியவர். அன்றைக்கு முதல் பாதியிலேயே அவருக்குத் தோள் போயிற்று. வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு எல்லாம் மோஸ்டர்ட் தலையில். இடைவேளைக்குள் 160 யார்டு, மூன்று டச்டவுன். 27-0. கரோப்பலோ அன்று முழு ஆட்டத்திலும் 8 முறைதான் பந்தை எறிந்தார். ஒரு இறுதிக்கட்ட ஆட்டத்தில் எட்டே எட்டு! ஓடப்போகிறார்கள் என்று மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும், கிரீன் பேக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

29 ஓட்டம், 220 யார்டு, 4 டச்டவுன். 37-20. பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றில் 200 யார்டும் 4 ஓட்ட டச்டவுனும் சேர்ந்து எடுத்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. பிளே-ஆஃப் யார்டுக் கணக்கில் எரிக் டிக்கர்சனின் 248-க்கு அடுத்தது இந்த 220.

ஆட்டம் முடிந்து நிருபர்களிடம் அவர் சொன்னதை வீட்டுக்குப் போகும் வழியில் கைபேசியில் பார்த்தேன். தன்னை அணிகள் விடுவித்த தேதிகளை எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அதை எடுத்துப் பார்க்கிறார்.

ஐம்பத்துமூன்று

நெடுங்கோடு, உங்கள் வாதத்தில் பாதி எனக்குச் சம்மதம். அவுட்சைட் ஸோன் இல்லாமல் அந்த 220 இல்லை. மறுபாதிக்கு என் பதில் ஒரு கேள்வி: 2019 சீசன் தொடங்கும்போது அதே ஆட்டமுறை, அதே லைன், அதே அறையில் எத்தனை ரன்னிங் பேக்குகள் இருந்தார்கள்? கோல்மன் இருந்தார். மாட் ப்ரீடா இருந்தார். பெரிய சம்பளத்தில் வாங்கிய ஜெரிக் மெக்கின்னன் காயத்தில் இருந்தார். மோஸ்டர்ட்டுக்கு ஓட முறை வரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அப்படியும் அதே மார்ச்சில் அவருக்கு மூன்று வருடத்துக்கு 87 லட்சம் டாலர் வரை வருகிற ஒப்பந்தம் கொடுத்தார்கள். எதற்கு?

பன்ட் அணிக்கு. நான் இந்த இழையில் சொல்ல வந்தது இதுதான்.

பந்தைக் காலால் உதைத்து எதிரணிக்குக் கொடுக்கும்போது, கோட்டின் இரண்டு ஓரங்களிலும் தனியாக ஒவ்வொருவர் நிற்பார். கன்னர் என்று பெயர். பந்து உதைபட்டதும் அவர் 40, 50 யார்டு ஓடிப் போய், அதைப் பிடிக்கிறவரைச் சாய்க்க வேண்டும். வழியில் ஒருவரோ இருவரோ சேர்ந்து அவரை நெஞ்சில் தள்ளுவார்கள், எல்லைக்கோட்டுக்கு வெளியே நெட்டுவார்கள். பந்து காற்றில் இருப்பது நாலரை நொடிக்குள். அந்த நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை என்றால் எதிரணி இருபது யார்டு எடுத்துவிடும். தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னாலேயே போகும், கன்னரைக் காட்டாது. விளம்பரம் போகப்போகிறது என்று மக்கள் எழுந்து போகிற நேரம் அது.

இன்னொரு கணக்கு முக்கியம். 53 பேரில் அப்போது ஆட்ட நாளில் உடை போடுகிறவர்கள் 46 பேர்தான். மூன்றாவது, நான்காவது ரன்னிங் பேக்கை ஒரு கோச் அந்த 46-க்குள் எழுத வேண்டுமென்றால் அவர் ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் நேரத்து அணிகளில்) ஆட வேண்டும். இல்லையென்றால் சாதாரண உடையில் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். ஓரத்தில் நிற்கிறவர் ஒரு நாள் வேவருக்குப் போவார். மோஸ்டர்ட் லீகின் மிகச் சிறந்த கன்னர்களில் ஒருவராக ஆனார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் உடை போட்டார். அதனால்தான் கோல்மன் தோள் போன அந்த நிமிடத்தில் அவர் ஹெல்மெட்டோடு அங்கே நின்றுகொண்டிருந்தார்.

ஃபோர்செட்டுக்கும் ஆண்டர்சனுக்கும் ஆட்டமுறை கதவைத் திறந்தது, சரி. மோஸ்டர்ட் மூன்று வருடம் அந்தக் கதவுக்கு வெளியே வேறு வேலை பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வேலையை அவர் கேவலமாக நினைக்கவில்லை.

இடையில் ஓட வாய்ப்பு வந்தபோதும் உடம்பு விடவில்லை. 2017-ல் முழங்கால். 2018 நவம்பர் 1, ரைடர்ஸுக்கு எதிரான வியாழன் இரவு ஆட்டம். 52 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார், அதே ஆட்டத்தில் முன்கை எலும்பு முறிந்தது. படமும் வீடியோவும் இணையத்தில் இருக்கிறது, பார்க்காதீர்கள். அந்த வருடம் 34 ஓட்டத்தில் 261 யார்டு, சராசரி 7.7. அதோடு சீசன் முடிந்தது.

புதுக்கண்

கன்னர் என்றால் என்னவென்று இன்றைக்குத்தான் தெரியும். நேற்றிரவு பழைய 49அர்ஸ் ஆட்டம் ஒன்றைப் போட்டு, பன்ட் வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓரத்தில் 31-ஆம் எண்ணைத் தேடினேன். திரையின் விளிம்பில் அரை நொடி தெரிகிறார், அப்புறம் பந்து விழும் இடத்தில் மறுபடி தெரிகிறார்.

மழைநாள் | பிப்ரவரி 2025

220 யார்டு ஆட்டத்தை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு ஏழு வாரம் முந்தையது. 2019 டிசம்பர் 1, பால்டிமோர், கொட்டுகிற மழை. குவார்ட்டர்பேக் லாமர் ஜாக்சன் உச்சத்தில் இருந்த ரேவன்ஸ். மோஸ்டர்ட் 19 முறை ஓடி 146 யார்டு, ஒரு டச்டவுன். கடைசி நொடி ஃபீல்டு கோலில் 49அர்ஸ் 20-17 என்று தோற்றது. அவருடைய பட்டியலில் ரேவன்ஸுக்கும் ஒரு தேதி உண்டு. அவரை அன்று விட்ட அதே ரேவன்ஸ் கோச் ஜான் ஹார்பா எதிர்ப் பக்கத்தில் நின்றார்.

தோற்ற ஆட்டம் என்பதால் யாரும் நினைவில் வைப்பதில்லை. ஆனால் முதன்மை ஓட்டக்காரர் இடம் அவருக்கு அன்றைக்குத்தான் வந்தது. அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸில் 48-46. அங்கே ஓடி ஒன்று, எம்மானுவேல் சாண்டர்ஸ் எறிந்ததைப் பிடித்து ஒன்று.

ஜெட்ஸும் பட்டியலில் உண்டு. 2020 செப்டம்பர் 20, அவர்கள் மைதானம், 49அர்ஸ் தாக்குதலின் முதல் முயற்சியிலேயே 80 யார்டு டச்டவுன். மணிக்கு 23.09 மைல் வேகம், நம் கணக்கில் 37 கிலோமீட்டருக்கு மேல். தோளில் காப்புப் பட்டைகளும் தலையில் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு. அதே ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு பாதியில் உட்கார்ந்தார்.

கடைசிவரிசை

மழைநாள், அந்தப் பட்டியல் பழிவாங்கத்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை முறை முடிந்துபோனது, எத்தனை முறை முடியவில்லை என்று பார்க்கிற மாதிரித்தான் பட்டது. இது என் ஊகம் மட்டும்.

வரவுசெலவு | பிப்ரவரி 2025

பணத்தைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, நான் பேசுகிறேன். ஏனென்றால் ஒரு ஜர்னிமேனின் கதையில் பாதி அதுதான்.

2019-ல் 137 ஓட்டத்தில் 772 யார்டு, சராசரி 5.6. சூப்பர் பௌலில் 12 ஓட்டம், 58 யார்டு, ஒரு டச்டவுன். 49அர்ஸ் கடைசிக் கால்பகுதியில் 20-10 என்று முன்னால் இருந்துவிட்டு கன்சாஸ் சிட்டியிடம் 31-20 தோற்றது. ஆனால் அவர் கையெழுத்திட்டிருந்தது கன்னரின் ஒப்பந்தம். 2020 ஜூலையில் அவருடைய ஏஜென்ட் பகிரங்கமாகச் சொன்னார்: கோல்மன் அளவுக்குச் சம்பளத்தை உயர்த்துங்கள், இல்லையென்றால் வேறு அணிக்கு மாற்றுங்கள். அந்த மாதக் கடைசியில் சமாதானம் ஆனது. ஆட்டத்தைப் பொறுத்துச் சில ஊக்கத்தொகைகள் சேர்த்தார்கள்.

அப்போது நிறைய ரசிகர்கள் "நன்றி இல்லை" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இங்கேயே எழுதியும் இருக்கிறேன். தவறு என்னுடையது.

அடுத்த வருடம் நடந்ததைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 12, டெட்ராய்ட், சீசனின் முதல் ஆட்டம். இரண்டே ஓட்டம், 20 யார்டு, முழங்கால் குருத்தெலும்பு சிதைந்தது. அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. ஆறாவது சுற்றில் வந்த எலைஜா மிட்செல் அதே நாளில் உள்ளே போய் 104 யார்டு ஓடினார், அந்த சீசனில் 963 யார்டு எடுத்து அணியின் புதியவர்களுக்கான சாதனையையும் வைத்தார். இரண்டு வாரத்தில் மோஸ்டர்ட் பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் பலர் அடிபட்டதற்காக அவரைச் சமூக ஊடகத்தில் திட்டினார்கள். 2020 ஜூலையில் கேட்காமல் இருந்திருந்தால் எப்போது கேட்டிருக்க முடியும்?

நெடுங்கோடு சொன்ன "ஆள் மாறினார், எண் மாறவில்லை" என்பதைத்தான் அணி அலுவலகங்களும் படிக்கின்றன. 2013 டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எடுக்கவில்லை. 2014-லும் அப்படியே. 2023 கோடையில் ஒரு ரன்னிங் பேக்குக்கான ஃபிரான்சைஸ் டேக் (ஒப்பந்தம் முடிந்தவரை அணி இன்னும் ஒரு வருடம் தன்னிடமே வைத்துக்கொள்ளும் முறை) தொகை 1 கோடியே 91 ஆயிரம் டாலர். சாக்வான் பார்க்லியும் ஜாஷ் ஜேக்கப்ஸும் அதை வைத்துக்கொண்டு திணறியபோது ஆஸ்டின் எக்லர் முன்கை எடுத்து எல்லா ரன்னிங் பேக்குகளையும் காணொளிக் கூட்டத்துக்கு அழைத்தார். கூட்டத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. அதே சீசனில் லீகிலேயே அதிக டச்டவுன் ஓடிய ஆளின் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு 56 லட்சம்.

நெடுங்கோடு

வரவுசெலவு, நான் எழுதும்போது அதன் மறுபக்கத்தை யோசிக்கவில்லை. ஆட்டமுறைதான் காரணம் என்று சொல்லச் சொல்ல, அந்த ஆளுக்குக் குறைத்துக் கொடுக்க அதுவே சாக்காகிறது. உண்மை. லைன்காரர்களுக்கும் ஆட்டமுறைக்கும் உரிய பங்கைச் சொல்வதை நான் விடமாட்டேன். ஆனால் கன்னர் விஷயம் எனக்குத் தெரியாது. ஐம்பத்துமூன்று, அதை ஒப்புக்கொள்கிறேன்.

தெற்குக்கரை | பிப்ரவரி 2025

நான் டால்ஃபின்ஸ் ரசிகன், சவுத் ஃபுளோரிடா. எங்கள் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2022-ல் மெக்டேனியல் தலைமைக் கோச்சாக வந்ததும் மோஸ்டர்ட்டை ஒரு வருட ஒப்பந்தத்தில் கூட்டிவந்தார். அந்த முழங்காலை நம்பி வேறு யாரும் எடுத்திருப்பார்களா தெரியாது. 891 யார்டு ஓடினார். சீசன் முடிவில் கட்டைவிரல் முறிந்து பிளே-ஆஃப் ஆடவில்லை.

2023 செப்டம்பர் 24 அன்று டென்வருக்கு எதிராக நாங்கள் 70 புள்ளி எடுத்தோம். 1966-க்குப் பிறகு லீகில் யாரும் 70-ஐத் தொட்டதில்லை. மோஸ்டர்ட் 4 டச்டவுன், புதுப்பையன் டெவான் அச்சான் 4 டச்டவுன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து முதலில் லைன்காரர்களின் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுத்தான் ஓரத்துக்குப் போனார். அச்சான் மூச்சு வாங்க உட்காரும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். தன் இடத்தை எடுக்கப்போகிற பையனுக்கு.

சீசன் முடிவில் 18 ஓட்ட டச்டவுன். 2002-ல் ரிக்கி வில்லியம்ஸ் வைத்த 16 போயிற்று. மொத்தம் 21. 1984-ல் மார்க் கிளேட்டன் வைத்த 18 போயிற்று. அவர் 49அர்ஸ் உடையில் சூப்பர் பௌல் தோற்றதும் இதே ஹார்ட் ராக் மைதானத்தில்தான். அதற்கும் முன்னால் 2015-ல் சில வாரத்தில் அவரைப் போகச் சொன்ன அணியும் நாங்கள்தான். இப்போது இரண்டாம் முறை சொல்லிவிட்டோம்.

மழைநாள்

என் மகன் போன ஆகஸ்டில் பள்ளி அணித் தேர்வில் விலக்கப்பட்டான். கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள், அதில் அவன் பெயர் இல்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் வரும்போது அவனிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்த இழையை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். 220 யார்டைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கன்னர் எங்கே நிற்பார் என்று மட்டும் கேட்டான்.

ஐம்பத்துமூன்று

தம்பியிடம் சொல்லுங்கள்: கோட்டின் கடைசி ஓரம், எல்லைக்கோட்டுக்கு நாலைந்து அடி உள்ளே. முதல் இரண்டு எட்டில்தான் விஷயம் இருக்கிறது. தள்ளுகிறவரின் கைகளை அப்போதே தட்டிவிட வேண்டும், அப்புறம் ஓட்டம் மட்டும்தான்.

பாய்லர்மேக்கர்_மாலதி | மார்ச் 2025

லாஸ் வேகாஸ் ரைடர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது! ஒரு வருட ஒப்பந்தம். கோச் பீட் கேரல். டால்ஃபின்ஸை ஒரு முறை மட்டும் எண்ணினால் இது எட்டாவது அணி. ஏப்ரலில் 33 ஆகிறது.

நெடுங்கோடு

ஷானஹன் வழி அல்லாத அணி. என் கேள்விக்குப் பதில் கிடைக்கப்போகிறது. நன்றாக ஓடட்டும் என்று மனதார நினைக்கிறேன்.

தெற்குக்கரை | ஏப்ரல் 2025

ரைடர்ஸ் முதல் சுற்றில் ஆறாவது தேர்வாக ஆஷ்டன் ஜென்டியை எடுத்துவிட்டது. பந்தை அவனுக்குத்தான் கொடுப்பார்கள். மோஸ்டர்ட்டுக்கு ஓட்டம் ரொம்பக் கிடைக்காது.

ஐம்பத்துமூன்று

கிடைக்காதுதான். ஆனால் இந்த மாதம் கிக்-ஆஃப் விதியை மாற்றியிருக்கிறார்களே, கவனித்தீர்களா? பந்து எண்ட் ஸோனுக்குப் பறந்து போய் விழுந்தால் இனி எதிரணிக்கு 30-இல் அல்ல, 35-ஆம் யார்டில் பந்து. அதனால் உதைக்கிறவர்கள் பந்தை உள்ளே விழவைப்பார்கள், பிடித்து ஓடுகிறவருக்கு இந்த வருடம் வேலை அதிகம். மாலதி, பர்டூவில் முதலாண்டில் அவர் பார்த்த வேலை அது.

முன்சீசன் தொடங்கட்டும். ரைடர்ஸ் கிக்-ஆஃப் பிடிக்க இருவரை நிறுத்தும்போது அதில் ஒருவர் யார் என்று முதலில் பார்ப்பேன். பார்த்ததும் இங்கே எழுதுகிறேன்.